எந்த ஹாம்லெட் நிஜ ஹாம்லெட்? – வாசகர் கேள்வி பதில்

மறுமலர்ச்சிக் கால ஆங்கில நாடகங்கள், அதுல இருந்து வந்த சினிமாக்கள், இதைத்தான் நான் ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கேன்னு போன இதழ்ல ஒரு சின்ன அறிமுகம் வந்துச்சு. அதைப் படிச்சுட்டு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்க, எல்லாத்துக்கும் இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததை சேர்த்து வெச்சு பதில் சொல்றேன்.

கேள்வி: மறுமலர்ச்சிக் கால நாடகம்னாலே ஷேக்ஸ்பியர்தானே சார்? அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய பேரு?

அப்படி இல்லீங்க. 1576-ல ஜேம்ஸ் பர்பேஜ் லண்டனுக்கு வெளிய நாடகத்துக்குன்னே ஒரு கொட்டகை கட்டுனாரு, அங்க இருந்து 1642-ல பார்லிமென்ட் உத்தரவு போட்டு கொட்டகைகளை இழுத்து மூடுன வரைக்கும் கணக்கு வெச்சா அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வருது. இதுல ஷேக்ஸ்பியர் எழுதுனது சுமார் இருபது, இருபத்தஞ்சு வருஷம்தான். அவரு பொறந்த அதே 1564-ல பொறந்த கிறிஸ்டோபர் மார்லோ 1593-ல இருபத்தொம்போது வயசுலயே குத்துப்பட்டு செத்துட்டாரு, ஆனா அதுக்குள்ள டாக்டர் ஃபாஸ்டஸ், இரண்டாம் எட்வர்ட் எல்லாம் எழுதிட்டாரு. தாமஸ் கிட், பென் ஜான்சன், மிடில்டன், வெப்ஸ்டர், ஜான் ஃபோர்டுன்னு ஒரு பெரிய கூட்டமே இருக்கு, இவங்க ஒருத்தரோட ஒருத்தர் சேர்ந்தும் எழுதுனாங்க, ஷேக்ஸ்பியரே கடைசி காலத்துல ஜான் ஃப்ளெட்சரோட சேர்ந்துதான் எழுதுனாரு. தனியா ஒரு மேதை உக்காந்து எழுதுனாருங்கிற படம் நம்ம மனசுல ரொம்ப ஆழமா பதிஞ்சு போச்சு, ஆனா அந்தக் காலத்து நாடகம் ஒரு கம்பெனி வேலை. இன்னிக்கு சினிமா எப்படி நாலு பேர் கை பட்டு வருதோ அப்படித்தான் அதுவும் வந்துச்சு. இதை ஒத்துக்கிட்டா அடுத்த கேள்விக்கு பதில் சொல்றது எனக்கு சுலபம்.

கேள்வி: நான் பிஎச்.டி. மாணவி. நாடகம், அதோட படம், ரெண்டையும் வெச்சு ஆராய்ச்சி பண்ணணும்னு சொன்னேன். "படம் மூலத்துக்கு எவ்ளோ உண்மையா இருக்குன்னு ஒரு பட்டியல் போடு, அது போதும்"னு கைடு சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல. என்ன பண்றது?

உங்க மனசு ஒப்பாதது சரிதான்ம்மா. எந்த மூலத்துக்கு உண்மையா இருக்கணும், முதல்ல அதைக் கேளுங்க. டென்மார்க் இளவரசனோட கதையான ஹாம்லெட்டுக்கு மூணு அச்சுப் பிரதி இருக்கு. 1603-ல வந்த முதல் குவார்ட்டோ (சின்ன அளவுப் புத்தகம்), அடுத்த வருஷம் வந்த ரெண்டாவது குவார்ட்டோ, ஷேக்ஸ்பியர் செத்து ஏழு வருஷம் கழிச்சு 1623-ல நண்பர்கள் போட்ட ஃபோலியோ, அதாவது பெரிய அளவுத் தொகுப்பு. முதல் குவார்ட்டோ ரெண்டாவதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். அதுல மந்திரி பொலோனியஸுக்கு பேரே கொராம்பிஸ். எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த 'இருப்பதா இல்லாமல் போவதா' தனிமொழி, ஹாம்லெட் தனியா நின்னு பேசுற பேச்சு, அதுல வேற இடத்துல, சீக்கிரமாவே வந்துடும். கிங் லியருக்கு 1608 குவார்ட்டோ ஒண்ணு, ஃபோலியோ ஒண்ணு, ரெண்டுக்கும் கடைசி வசனத்தை யார் பேசுறாங்கங்கிறதே மாறுது, ஒண்ணுல ஆல்பனி, இன்னொண்ணுல எட்கர். டாக்டர் ஃபாஸ்டஸுக்கும் 1604, 1616னு ரெண்டு பிரதி. அப்போ ஒரு டைரக்டர் ஒரு சீனை வெட்டுறாரு, இடம் மாத்துறாருன்னா மூலத்துக்கு துரோகம் பண்ணிட்டாருன்னு எப்படி சொல்றது? அந்த நாடக கம்பெனிகளே அதைத்தானே பண்ணிட்டு இருந்தாங்க.

அதனால 'உண்மையா இருக்கா'ங்கிறதை விட்டுட்டு 'என்ன வெட்டுனாங்க, ஏன் வெட்டுனாங்க, வெட்டுனதால யாரு வேற ஆளா மாறுனாங்க'ன்னு கேளுங்க. ஐந்தாம் ஹென்றியை எடுத்துக்கோங்க. லாரன்ஸ் ஒலிவியே 1944-ல எடுத்தாரு, ரெண்டாம் உலகப் போர் நடந்துட்டு இருக்கு, படமே பிரிட்டன் ராணுவ வீரர்களுக்கு சமர்ப்பணம். நாடகத்துல ராஜா தன்னோட நெருங்கின ஆட்கள் மூணு பேரை துரோகம் பண்ணாங்கன்னு மரண தண்டனைக்கு அனுப்புவாரு, ஹார்ஃப்ளூர் கோட்டை வாசல்ல நின்னு 'சரணடையலைன்னா உங்க குழந்தைங்களை ஈட்டியில குத்துவோம்'ங்கிற அளவுக்கு மிரட்டுவாரு. ஒலிவியே படத்துல ரெண்டுமே கிடையாது. 1989-ல கென்னத் பிரானா எடுத்தப்போ துரோகிகள் சீன் திரும்ப வந்துச்சு, பழைய கூட்டாளி பார்டால்ஃபை தூக்குல போடுறதை ராஜா கண்ணு கலங்கப் பாத்துட்டு நிக்கறதும் வந்துச்சு. அதே நாடகம்தான். ஒண்ணுல ராஜா நாட்டையே ஒண்ணு சேர்க்கிற தலைவன், இன்னொண்ணுல அந்தத் தலைவன் ஆகுறதுக்கு என்னென்ன இழக்கிறான்னு தெரியுது, இந்த ரெண்டு ராஜாவும் ஷேக்ஸ்பியர் எழுதுன வரிகள்ல ஏற்கனவே இருக்காங்கங்கிறதுதான் விஷயமே. படம் பாத்துட்டு நாடகத்தைத் திரும்பப் படிக்கும்போதுதான் எனக்கு அது உறைச்சது. உங்க தீசிஸ் இந்தத் திசையில போகட்டும், கைடு கிட்ட இந்த மூணு பிரதி விஷயத்தை எடுத்துப் போய் காட்டுங்க, படிச்சவங்க கண்டிப்பா கேப்பாங்க.

கேள்வி: ஒரே ஒரு சீனை வெச்சு, பல படங்கள்ல எப்படி மாறுதுன்னு காட்ட முடியுமா?

சந்தோஷமா சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. இப்பதான் சொன்னேனே, ஹாம்லெட்டோட அந்தத் தனிமொழி, அதையே எடுத்துக்கலாம்.

ஒலிவியேவோட 1948 படத்துல ஹாம்லெட் கோட்டை உச்சியில உக்காந்து இருப்பாரு. கேமரா படிக்கட்டு வழியா சுத்தி சுத்தி மேல ஏறும், கீழ கடல் கொந்தளிக்கும், கேமரா அவரு தலைக்குப் பின்னால போய் மண்டைக்குள்ளயே நுழையற மாதிரி இருக்கும். கொஞ்ச வரி வாய் அசைஞ்சு பேசுறாரு, கொஞ்ச வரி மனசுக்குள்ள ஓடுற குரலா கேக்குது. கையில இருந்த கத்தி நழுவி கடல்ல விழுந்துடும். முக்கியமா, நாடகத்துல இந்தத் தனிமொழி காதலி ஒஃபீலியாவைப் பாக்குறதுக்கு முன்னாடி வருது, ஒலிவியே அவளைத் திட்டி அழ வெச்சுட்டு வந்த பின்னாடி வைக்கிறாரு. அதனால அது தத்துவமா கேக்காம, ஒரு பொண்ணை நொறுக்கிட்டு வந்தவனோட சோர்வா கேக்குது.

கோஜின்ட்சேவ் 1964-ல சோவியத் யூனியன்ல எடுத்த படத்துல ஹாம்லெட்டா நடிச்ச ஸ்மோக்டுநோவ்ஸ்கி கடற்கரைப் பாறைகளுக்கு நடுவுல நடந்து போவாரு, வாய் அசையவே அசையாது, குரல் மட்டும்தான். பாஸ்டர்நாக்கோட ரஷ்ய மொழிபெயர்ப்பு, ஷோஸ்டகோவிச் இசை. சுவத்துக்கெல்லாம் காது இருக்கிற ஒரு அரண்மனையில, வெளிய சொல்ல முடியாததை மனசுக்குள்ள மட்டும் சொல்லிக்கிற ஆளு இவரு.

பிரானா 1996-ல எடுத்தது முழு நாடகமும், நாலு மணி நேரம். அதுல கண்ணாடிக் கதவுகள் நிறைஞ்ச ஒரு பெரிய ஹால், ஹாம்லெட் ஒரு கண்ணாடி முன்னாடி நின்னு தன்னையே பாத்துப் பேசுறாரு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி சித்தப்பா ராஜா கிளாடியஸும் பொலோனியஸும் ஒளிஞ்சு நின்னு இவரைப் பாத்துட்டு இருக்காங்க! கத்தியை உருவி கண்ணாடிக்கு நேரா நீட்டும்போது அந்தப் பக்கம் கிளாடியஸ் முகம் பதறும். நாடகத்துலயும் இந்த ரெண்டு பேரும் ஒளிஞ்சுக்கத்தான் போறாங்க, அப்புறம்தான் ஹாம்லெட் வர்றான். அப்போ அது நிஜமாவே தனிமொழியா, இல்ல ஒட்டுக்கேக்கிறவங்க காதுல விழுற பேச்சா? வருஷக்கணக்கா அந்தப் பக்கத்தைப் படிச்சவங்க சுலபமா தாண்டிப் போற கேள்வியை பிரானா ஒரு கண்ணாடியை வெச்சு நம்ம முகத்துக்கு நேரா கேட்டுட்டாரு.

2000-ல மைக்கேல் அல்மரேடா எடுத்ததுல கதை நியூயார்க், டென்மார்க்ங்கிறது ஒரு கார்ப்பரேட் கம்பெனி. ஈத்தன் ஹாக் வீடியோ வாடகைக் கடைக்குள்ள 'ஆக்‌ஷன்'னு போர்டு போட்ட அலமாரிகளுக்கு நடுவுல நடந்துக்கிட்டே இதைச் சொல்லுவாரு. செயல் செயல்னு சுத்தி எழுதி இருக்கு, இவனால ஒரு செயலும் பண்ண முடியல. ஷேக்ஸ்பியர் வசனத்தையே வெச்சுக்கிட்டு, இடத்தை மாத்தியே விளக்கம் எழுதிட்டாங்க.

நாலு படம், நாலு பதில். அறைக்குள்ள வேற யாராவது இருக்காங்களா, ஹாம்லெட் வாயால பேசுறானா மனசால பேசுறானா, யாரைப் பாத்து, எதுக்கு அப்புறம்? அச்சுப் பக்கத்துல இதெல்லாம் திறந்தே இருக்கு. படம் எடுக்கிறவங்க ஒவ்வொண்ணுக்கும் முடிவு எடுத்தே ஆகணும். அந்த முடிவுகளைப் படிக்கிறதுதான் எங்க வேலை.

கேள்வி: மேடையில நடிகர் ஆடியன்ஸைப் பாத்துப் பேசுவாரு. சினிமாவுல அது ஒட்டுமா?

ஒட்டும், சரியா பண்ணா பயங்கரமா ஒட்டும். 1599-ல கட்டுன குளோப் கொட்டகையில மேல கூரை திறந்து, பகல் வெளிச்சத்துல நாடகம், நடிகருக்கு ஆடியன்ஸ் முகம் தெளிவா தெரியும், மூணு பக்கமும் ஆளுங்க. மூன்றாம் ரிச்சர்ட் தனியா வந்து நாப்பது வரி நம்ம கிட்ட பேசித்தான் நாடகமே ஆரம்பிக்கும். நான் வில்லனா இருக்கப் போறேன்னு நம்ம கிட்ட மட்டும் சொல்றான், அந்த நிமிஷமே நாம அவனுக்குக் கூட்டாளி.

1995-ல ரிச்சர்ட் லோன்கிரேன் எடுத்த படத்துல இயன் மெக்கெல்லன்தான் ரிச்சர்ட். கதை 1930-கள் இங்கிலாந்து, ஃபாசிஸ்ட் யூனிஃபார்ம். வெற்றி விருந்துல எல்லாரும் ஆடிட்டு இருக்காங்க, ரிச்சர்ட் மைக் முன்னாடி வந்து முதல் வரிகளை பொது மேடைப் பேச்சா பேசுறாரு, எல்லாரும் கை தட்டுறாங்க. பேச்சு பாதியில இருக்கும்போதே சட்டுனு கட், ஆளு கழிப்பறையில நின்னுக்கிட்டு மிச்சத்தை முணுமுணுக்கிறாரு. வெறுப்பு எல்லாம் இங்கதான் வெளிய வருது. கை கழுவிட்டு கண்ணாடியைப் பாக்கும்போது அதுல நம்மளைப் பாத்துடறாரு, திரும்பி நேரா கேமராவுக்குப் பேச ஆரம்பிக்கிறாரு. ஒரே பேச்சை ரெண்டா கிழிச்சு, முன் பாதி அரசியல் பின் பாதி ரகசியம்னு காட்டுனாங்க. இதைப் பாத்த பிறகு நாடகத்துல அந்தப் பேச்சை எடுத்துப் படிங்க, நடுவுல 'ஆனா நான்'னு ஒரு இடத்துல திரும்பும், அதுக்கு முன்னாடி வரைக்கும் 'நம்ம, நம்ம'ன்னே பேசிட்டு இருப்பான். கிழிசல் வரியிலயே இருக்கு, படம் அந்த மடிப்புக்குப் பக்கத்துலதான் கிழிச்சுது.

கேள்வி: மார்லோ, வெப்ஸ்டர் நாடகங்கள் எல்லாம் ஏன் படமா வரல?

வந்திருக்கு, ஆனா கம்மி. எனக்கு இதுல நிஜமாவே வருத்தம் உண்டு. ஷேக்ஸ்பியர் பேரைச் சொன்னா பணம் போட ஆள் வருது, வெப்ஸ்டர்னு சொன்னா வர்றது இல்ல. ரிச்சர்ட் பர்ட்டன் 1967-ல டாக்டர் ஃபாஸ்டஸ் எடுத்தாரு, ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களோட போட்ட மேடை நாடகத்துல இருந்து வந்த படம், ஹெலன் வேஷத்துல எலிசபெத் டெய்லர், அதை நான் பெரிசா சொல்ல மாட்டேன். 2002-ல அலெக்ஸ் காக்ஸ் 'ரிவெஞ்சர்ஸ் ட்ராஜடி'யை வருங்கால லிவர்பூலுக்கு கொண்டு போனாரு, செத்துப் போன காதலியோட மண்டை ஓட்டை கையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் பழி வாங்குற கதை, அந்த நாடகத்தோட வெறி அந்தப் படத்துல இருக்கு.

ஆனா இதுல கட்டாயம் பாக்க வேண்டியது டெரிக் ஜார்மனோட இரண்டாம் எட்வர்ட், 1991. மார்லோவோட ராஜா கேவஸ்டன்ங்கிற ஆணை நேசிச்சதால ராஜ்யத்தையே இழக்கிறவன். பிரிட்டன்ல 1988-ல செக்‌ஷன் 28னு ஒரு சட்டம் வந்துச்சு, ஓரினச் சேர்க்கையை 'ஊக்குவிக்கிற' எதையும் உள்ளாட்சி அமைப்புகள் செய்யக் கூடாதுன்னு. ஜார்மன் எச்.ஐ.வி. இருக்கிறதை வெளிப்படையா சொன்னவரு. அவரு படத்துல எட்வர்டோட படை, உரிமைக்காக பதாகை பிடிச்சுட்டு வர்ற இன்றைய போராட்டக்காரங்க. கடைசியில கொலையாளி லைட்பார்ன் காய்ச்சுன இரும்புக் கம்பியோட வர்றான், மார்லோ நாடகத்துல ராஜா அங்க கொடூரமா சாவான். படத்துல அந்த சாவு ஒரு கெட்ட கனவு மாதிரி வந்து போகும், அப்புறம் லைட்பார்ன் கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு ராஜாவுக்கு முத்தம் கொடுக்கிறான். முடிவையே மாத்திட்டாருன்னு கோபப்படறவங்க உண்டு, நான் அந்தப் பக்கம் இல்ல. நாடகம் தர்ற தண்டனையை நம்ம காலத்துல அப்படியே திருப்பிக் காட்டுறதும் ஒரு தீர்ப்புதான், அந்தத் தீர்ப்பை எழுத ஜார்மன் மறுத்தாரு.

வெப்ஸ்டரோட டச்சஸ் ஆஃப் மால்ஃபிக்கு இன்னும் நல்ல சினிமா வரல. மைக் ஃபிகிஸ் 2001-ல 'ஹோட்டல்'ங்கிற படத்துல அந்த நாடகத்தை படம் பிடிக்க வந்த ஒரு குழுவோட கதையா சுத்தி வளைச்சு எடுத்தாரு. 2014-ல லண்டன் சாம் வானமேக்கர் அரங்கத்துல மெழுகுவத்தி வெளிச்சத்துல போட்ட நாடகத்தை பிபிசி ஒளிபரப்புச்சு, எனக்கு அதுதான் பிடிச்சது. ஏன்னா அந்த நாடகத்துல ஒரு சீன் இருக்கு, டச்சஸோட இரட்டையரா பொறந்த ஃபெர்டினாண்ட் இருட்டுல அவ கையில ஒரு கையைக் கொடுக்கிறான், அவ முத்தம் கொடுக்கிறா, சில்லுனு இருக்கேங்கிறா, வெளிச்சம் கொண்டு வரச் சொல்றா, பாத்தா அது வெட்டி எடுத்த பொணத்தோட கை. கூரை போட்ட உள்ளரங்கத்துல மெழுகுவத்தியை அணைச்சு இருட்டு பண்ண முடியும், குளோப்ல பகல் வெளிச்சத்துல அதே சீன் போட்டா நமக்கு முன்னாடியே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அந்த நாடகம் அந்தக் காலத்து உள்ளரங்கம், குளோப் ரெண்டு இடத்துலயும் ஆடுனதா 1623 பதிப்பு அட்டையிலயே போட்டிருக்கு. யாருக்கு எப்போ தெரியணும்ங்கிற இந்தக் கேள்வி ஒரு சினிமா எடிட்டரோட தினசரி வேலை. யாராவது தைரியமா எடுக்கணும்னு நான் இன்னும் காத்துட்டு இருக்கேன்.

கேள்வி: அந்தக் காலத்துல பெண் வேஷத்துல பையன்கள்தான் நடிச்சாங்களாமே, சினிமா அதை எப்படி எடுத்துக்கிச்சு?

ஆமாங்க, 1660-க்கு அப்புறம்தான் இங்கிலாந்து தொழில்முறை மேடையில பெண்கள் வந்தாங்க. மேல சொன்ன டச்சஸ் வேஷத்தைக்கூட ரிச்சர்ட் ஷார்ப்ங்கிற பையன் போட்டதா அதே 1623 பதிப்புல இருக்கு. சினிமா பெரும்பாலும் இதை மறந்துட்டு பெண் வேஷத்துக்கு பெண்களைப் போட்டுட்டுப் போயிடுச்சு. ஆனா 1921-ல ஜெர்மனியில வந்த ஒரு ஊமைப் படத்துல ஆஸ்டா நீல்சன் ஹாம்லெட்டா நடிச்சாங்க, கதைப்படி ஹாம்லெட் பொறந்ததே பொண்ணாத்தான், ராஜ்யம் கை விட்டுப் போகக் கூடாதுன்னு அம்மா ஆணா வளர்த்துட்டாங்க. நண்பன் ஹொரேஷியோ மேல ஹாம்லெட்டுக்கு இருக்கிற பாசம் இந்தப் படத்துல வேற மாதிரி துடிக்கும். வசனமே இல்லாத ஹாம்லெட்தானேன்னு ஒதுக்கிடாதீங்க.

கேள்வி: ஆங்கில வசனமே இல்லாத, ஜப்பான் டைரக்டர் குரோசாவாவோட படத்தையெல்லாம் ஷேக்ஸ்பியர் கணக்குல சேர்க்கலாமா? நம்ம படங்கள்?

சேர்க்காம இருந்தாத்தான் தப்பு. 1957-ல வந்த அவரோட 'த்ரோன் ஆஃப் பிளட்' மேக்பெத் கதைதான், ஆனா அதுல ஷேக்ஸ்பியரோட வரி ஒண்ணு கூட இல்ல. மூணு சூனியக்காரிங்களுக்கு பதிலா நூல் நூற்கிற ஒரே ஆவி. லேடி மேக்பெத் இடத்துல அசாஜி, முகம் ஜப்பானோட பழைய 'நோ' நாடக முகமூடி மாதிரி அசையாது, அவ நடந்தா பட்டுத் துணி உரசுற சத்தம் மட்டும் கேக்கும். கடைசியில மேக்பெத்தை எதிரி மேக்டஃப் கொல்லல, சொந்தப் படை வீரர்களே அம்பு மழை பொழிஞ்சு கொல்றாங்க. நாடகம் முடியறப்போ நல்ல ராஜா வந்துட்டாருன்னு ஒரு ஆறுதல் இருக்கு, குரோசாவா அதைக் கொடுக்கல.

விஷால் பரத்வாஜோட 'மக்பூல்', 2003, அதுவும் மேக்பெத்தான், அதுல சூனியக்காரிங்க இடத்துல ரெண்டு போலீஸ்காரங்க, ஓம் புரியும் நசிருதீன் ஷாவும். ஆருடம் சொல்றவங்களே ஆருடத்தை நடத்தியும் வைக்கிறாங்க. மலையாளத்துல ஜெயராஜ் 1997-ல ஒதெல்லோவை தெய்யம்ங்கிற கேரள சடங்கு ஆட்டம் ஆடுறவனா 'களியாட்டம்'ல காட்டுனாரு. தமிழ்ல பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்தன்'னு மேடைக்கு கொண்டு வந்தாரு, 1963-ல 'இரத்தத் திலகம்' படத்துக்குள்ள சிவாஜியும் சாவித்திரியும் ஒதெல்லோ சீன் ஒண்ணு நடிச்சாங்க. நம்ம படங்கள்ல இப்படி நாடகத்துக்குள்ள நாடகமா வந்த ஷேக்ஸ்பியர் பத்தி தனியா ஒரு தீசிஸ் எழுதலாம், மேல கேட்ட மாணவி போல யாராவது எடுத்துக்கிட்டா நான் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

கேள்வி: இதெல்லாம் எங்க இருந்து ஆரம்பிக்கிறது? நான் இலக்கியம் படிச்சவன் இல்ல.

மேக்பெத்ல ஆரம்பிங்க தம்பி, ஷேக்ஸ்பியரோட சோக நாடகங்கள்லயே சின்னது அதுதான், ரெண்டு சாயங்காலத்துல படிச்சுடலாம். நல்ல குறிப்பு போட்ட பதிப்பா வாங்குங்க. அப்புறம் குரோசாவா படம், போலன்ஸ்கியோட 1971 படம், ஜோயல் கோயனோட 2021 படம், இந்த மூணையும் இதே வரிசையில பாருங்க. பாக்கும்போது நாடகத்தைப் பக்கத்துல வெச்சுக்காதீங்க, படத்தை படமா பாருங்க. ரெண்டாவது தடவை பாக்கும்போது புத்தகத்தைத் திறந்து, எந்த வரி போச்சு, எது இடம் மாறுச்சு, ஒருத்தர் பேசும்போது கேமரா பேசுறவரைக் காட்டுதா கேக்கிறவரைக் காட்டுதான்னு பென்சில்ல ஓரத்துல குறிங்க. மேக்பெத் ஆள் வெச்சு கொன்ன நண்பன் பாங்க்வோவோட ஆவி விருந்துக்கு வர்ற சீன்ல இருந்து ஆரம்பிக்கலாம். அச்சுல 'ஆவி நுழைகிறது'ன்னு இருக்கு, ஆனா மேக்பெத்தைத் தவிர யாருக்கும் அது தெரியாது. நம்ம கண்ணுக்குத் தெரியணுமா வேண்டாமா? மூணு டைரக்டரும் என்ன முடிவு எடுத்திருக்காங்கன்னு குறிச்சுட்டு எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல அதைப் பத்தியே பேசலாம்.